வடக்குத் தெற்காக ஒரு குழி

அன்று வெள்ளிக்கிழமை. ஹாஜரா ராத்தா பெருங்காயத்தை மல்லிகைப்பூ என்று சொன்னார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் வைத்த துணி முடிச்சை எடுத்து, மூக்கோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மூடி ஆறுதலாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. முடிச்சுக்குள் இருந்தது பெருங்காயக் கட்டி. அதைத் தொட்ட என் விரல்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் மணத்துக்கொண்டிருந்தன.

"வடிவா மணந்து பாருங்க ராத்தா" என்றேன்.

"பாத்தனே. நல்ல வாசம்" என்றார்.

மற்ற மதிலுக்கு அப்பால் நின்ற திரேசாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நெற்றியில் தொடங்கி மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று வீடு, இரண்டு மதில்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திரேசா கோபித்துக்கொண்டாள். இத்தனை வாரமாக எழுதுகிறேன், அவள் பெயர் இன்னும் வரவில்லையாம். வந்தாலும் தன் முழங்காலைப் பற்றி எழுதக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு போட்டாள்.

ஆகவே முதலில் முழங்காலைச் சொல்லிவிடுகிறேன். திரேசாவின் இடது முழங்கால் மடங்காது. மாதா கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும் நேரம் அவள் மட்டும் நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் ஆண்டவரோடு ஏதோ வழக்குப் பேசுகிறாள் போலிருக்கும். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொல்லியிருக்கிறாள். எல்லாமே நம்பும்படிதான் இருந்தன.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்துறைமுகத்தைப் பார்த்த சரிவில் எங்கள் மூன்று வீடும் வரிசையாக நிற்கின்றன. நடுவில் என் வீடு. வலப்பக்கம் திரேசா. இடப்பக்கம் ஹாஜரா ராத்தா. அவருடைய சனம் மூத்த சகோதரியை ராத்தா என்று கூப்பிடும். அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். ராத்தா குறிஞ்சாக்கேணிக்காரி. மகன் கத்தாரில் உழைத்து இங்கே வீடு கட்டி, வளவு முழுவதையும் சீமெந்து போட்டு, தாயைக் கொண்டுவந்து இருத்திவிட்டுத் திரும்பிப் போனான். தொற்றுநோய் பரவி விமானம் நின்றதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். என் மகனும் கனடாவில் வீட்டுக்குள்தான் இருந்தான். ஆனால் அவன் அதற்கு முன்பும் வந்ததில்லை என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திருகோணமலைக்காரருக்கு ஊரடங்கு புதிய விஷயம் இல்லை. இந்தமுறை வெளியே போனால் சுடமாட்டார்கள் என்பதே ஒரு வசதி. ராத்தா, தன் கணவர் இறந்தபோது, அவர்களுடைய முறைப்படி மாதக்கணக்கில் வெளியே வராமல் இத்தா இருந்தவர். "எனக்கு இது ரெண்டாம் இத்தா. இந்த முறை ஊரே என்னோட இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ராத்தா வீட்டில் பெரிய குளிர்சாதனப் பெட்டி. என் வீட்டில் நல்ல கிணறு. காஸ் முடிந்தபோது திரேசா வீட்டில் மட்டும் விறகடுப்பு இருந்தது. மூன்றையும் கூட்டினால் ஒரு முழு வீடு. திரேசா பழைய யன்னல் சீலையில் எங்களுக்கு முகக்கவசம் தைத்துத் தந்தாள். மூவருக்கும் ஒரே பூ. மதிலடியில் நின்று கதைக்கும்போது ஒரே வீட்டின் மூன்று யன்னல் போல இருந்தோம்.

ஆளில்லாத தெருவில் மான்கள் மட்டும் திரிந்தன. எங்கள் ஊர் மான்களுக்குப் பயம் எப்போதும் குறைவு. அந்தக் காலத்தில் அவை படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, செவ்வரத்தையைத் தின்றுவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டன.

மூக்குப் பரீட்சை

மணம் தெரியாமல் போவது அந்த நோயின் அடையாளம் என்று வானொலியில் சொன்னார்கள். ஆசிரியையாக இருந்தவள் சும்மா இருப்பாளா? மறுநாளே திரேசா பரீட்சை வைத்தாள். ஒருவர் ஏதாவது ஒரு பொருளைத் துணியில் முடிந்து மதிலில் வைக்க வேண்டும். மற்ற இருவரும் மணந்து பார்த்து என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு நாளும் ஒருவரும் தவறாமல் சித்தியடைந்தோம். தேநீர் அதற்குப் பிறகுதான்.

ஒரே துணியை மாறி மாறி மூக்கில் வைத்து இழுக்கிறோமே, நோய் வர வேறு வழி வேண்டுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள்.

வெள்ளிக்கிழமை என் முறை. சாமிக்கு மல்லிகை பறிக்கும்போது அதிலேயே நாலு பூவை முடிந்து வைப்பது என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை மல்லிகைக் கொடியை மான் தின்றுவிட்டது. சாமிக்கு வெறுங்கையைக் கூப்பிவிட்டு, பரீட்சைக்குப் பெருங்காயத்தை முடிந்தேன்.

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ராத்தாவுக்கு மணம் போய்ச் சில நாளாகியிருந்தது. காய்ச்சலும் இருந்தது. திங்கட்கிழமை கருவாடு, செவ்வாய் கறுவா, வெள்ளி மல்லிகை என்று கிழமையைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார். ராத்தாவுக்கு நோய் வந்துவிட்டதே என்பதற்கு முன்னால், ஒவ்வொரு கிழமையும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டோமே என்றுதான் திரேசா தலையில் கை வைத்தாள்.

மறைத்ததற்குக் காரணம்

ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். திரேசாவும் அதையே சொன்னாள். ராத்தா வீட்டுக்குள் போய் யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரேசாவும் என் வளவுக்குள் வர, நாங்கள் மதிலோடு நின்றோம்.

"மௌத்தாகிப் போறதுக்குப் பயமில்ல புள்ள" என்றார் ராத்தா. "வயசு போயிட்டு. கொண்டு போய் எரிச்சிருவாங்களே. எனக்கு அதுதான்."

அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்த நோயில் இறந்தவர் எந்தச் சமயத்தவரானாலும் எரிக்க வேண்டும். பிறகு, உலகத்தில் பல பேர் கேட்டுக் கத்திய பிறகு, தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டி அங்கே புதைக்கலாம் என்றார்கள். நான் சொல்லும் நாட்களில் அது இல்லை.

ராத்தாவின் கணவர் குறிஞ்சாக்கேணியில், களப்புக் காற்றுப் படும் மையவாடியில் கிடக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் போக வேண்டும். ராத்தா கேட்டது அவ்வளவுதான்.

என் தகப்பனையும் கணவரையும் எரித்தோம். எனக்கு நெருப்பு மரியாதை. நாளைக்கு என்னையும் எரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் வேண்டாம் என்று கெஞ்சுகிறவரை எரிப்பதற்குப் பெயர் மரியாதை இல்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

திரேசாவுக்கும் புதைக்கிற வழக்கம்தான். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் சாம்பலை ஆண்டவர் எங்கிருந்தாலும் பொறுக்கி எடுப்பார், அது அவருடைய பாடு என்றாள்.

கடைசியில் நானும் திரேசாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூச்சு வாங்கத் தொடங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது, அதுவரை கூப்பிடுவதில்லை. ராத்தா உடனே சம்மதிக்கவில்லை. அதற்குள் வீட்டில் வைத்தே உயிர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.  

"நாங்க புதைப்பம்" என்றாள் திரேசா.

"எங்க?"

"புவனத்தின்ட வளவுக்க."

புவனம் என்பது நான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேட்காத காது

இணைப்பகத்தில் எனக்கு முதலில் சொல்லித் தந்தது, கேட்டதைக் கேட்காதவளாக இருப்பது. ஒரு பக்கம் கப்பல்காரர், மறுபக்கம் அரசாங்கக் கச்சேரி, நடுவில் நான். கல்யாணம் குழம்புவதையும், ஆள் செத்துப்போனதையும் வீட்டுக்காரருக்கு முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, "பேசுங்கள்" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். அந்தக் குரல் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போகாது. என் கணவர் அந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்.

அந்தக் கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நாங்கள் பி.எச்.ஐ. என்போம். கொஞ்சம் தொந்தி வைத்த, ஸ்கூட்டரில் வரும், எதையும் இரண்டு தடவை கேட்கும் மனிதர். படலைக்கு வெளியே நின்று, இந்த வரிசையில் யாருக்காவது காய்ச்சல், தடிமன் உண்டா என்று கேட்டார். மதிலுக்கு அப்பால் ராத்தா இருமுவது எனக்குக் கேட்டது.

"ஒருவருக்கும் இல்லை" என்றேன், இணைப்பகக் குரலில்.

அவர் ராத்தா வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே குரலில் சொன்னேன். ஸ்கூட்டர் போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவரை ஏமாற்றியதற்காகப் பயப்படவில்லை. ராத்தாவுக்கு இனி ஏதாவது நடந்தால் அது என் வாயால் நடந்தது என்றாகிவிடுமே என்று பயந்தேன்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து நேரத்துக்கு நேரம் யன்னலில் வைத்தேன். திரேசா கஞ்சி வைத்தாள். ராத்தா ஆவி பிடித்தார், தொழுதார், படுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சிப் பாத்திரம் பாதியோடு திரும்பி வரத் தொடங்கியது. ஒருநாள் தொடாமலே வந்தது. திரேசா அதை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, "மண் குத்த அலவாங்கு இருக்கா?" என்று கேட்டாள்.

பங்கர்

ஓர்ஸ் ஹில் கல்லு மண். இரண்டு கிழவிகள் அதில் குழி வெட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் என் குசினிக்குப் பின்னால், ராத்தாவின் யன்னலுக்கு நேரே, யுத்த காலத்தில் என் கணவர் வெட்டிய பங்கர் ஒன்று இருந்தது. குண்டு விழுந்தால் பதுங்க வெட்டியது. சமாதானம் வந்ததும் குப்பையும் மண்ணும் போட்டு மூடிவிட்டோம். அந்த இடம் மட்டும் பொதபொதவென்று இருக்கும்.

திரேசா விளிம்பில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அலவாங்கால் குத்தி இளக்கினாள். நான் உள்ளே நின்று வாளியில் அள்ளினேன். காலையில் கொஞ்சம், வெயில் தாழக் கொஞ்சம். மருந்துப் போத்தல் வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. திரேசாவின் கறுப்புக் குடை வந்தது. அதை நான் எடுத்ததாக அவளும், அவள் கோயிலில் மறந்ததாக நானும் பல வருடம் நம்பியிருந்தோம். என் கணவர் குப்பையோடு போட்டு மூடியிருக்கிறார். திரேசா குடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய ஆன்மா இளைப்பாறட்டும் என்றாள். மனமுவந்து சொன்னதாகத் தெரியவில்லை.

ராத்தாவுக்குத் தெரியாமல் வெட்டுவது எங்கள் எண்ணம். யன்னலுக்கு நேரே அலவாங்கால் குத்திக்கொண்டு அப்படி நினைத்தோம்.

குழி தொடைக்கு மேல் ஆழமான அன்று மாலை யன்னல் திறந்தது. பல நாளாக எழுந்து நிற்காத ராத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, முக்காடு ஒரு பக்கம் சரிந்து, என்ன செய்கிறோம் என்று பார்த்தார்.  அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது கிழக்கு மேற்காவெல்லோ கிடக்கு" என்றார்.

திரேசா விளக்கம் சொன்னாள். பங்கர் அப்படித்தான் வெட்டப்பட்டது, அதோடு தங்கள் கிறிஸ்தவச் சேமக்காலையில் எல்லாரும் கிழக்குப் பார்த்துத்தான் கிடக்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

"உங்கட ஆக்கள் கிடப்பாங்க. நான் எப்பிடி கிப்லாவப் பாக்கிற? தலை வடக்க, கால் தெற்க. முகம் மேற்க, மக்காப் பக்கம் திரும்பிரிக்கணும். இப்பிடி வெச்சா நான் காலம் முழுக்க கடலப் பாத்துக்கிட்டுக் கிடக்கவா?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினார். ஆனாலும் யன்னலை விட்டுப் போகவில்லை. வடக்கு எது என்று கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் அந்தக் கைக்கு நேரே கோடு கீறினோம். கோணல் என்று அழிக்கச் சொன்னார். மறுபடி கீறினோம். அன்று இரவு கஞ்சிப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வந்தது. உப்புக் குறைவு என்று செய்தியும் வந்தது. எனக்கு அழுகை வந்தது. சுவரோடு நின்று நன்றாக அழுதேன்.

இரண்டு கை

வடக்குத் தெற்காக வெட்டுவதற்குப் பங்கரின் இரண்டு பக்கமும் கல்லு மண்ணைக் கிளற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண் போனால் பெரிது. ஒவ்வொரு நாளும் ராத்தா யன்னலில் இருந்து மேற்பார்வை செய்தார். காய்ச்சல் இறங்கி, இருமல் குறைந்து, குரல் மட்டும் கூடிக்கொண்டே போனது. அது அந்த நோய்தானா, வெறும் தடிமனா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வேலை முடிந்து விலகி நின்று பார்த்தபோதுதான் குழியின் உருவம் தெரிந்தது. பழைய குழி ஒரு பக்கம், புதியது அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம். மண்ணுக்குள் ஒரு பெரிய சிலுவை.

 திரேசாவின் முகம் மலர்ந்திருந்தது.

ராத்தா யன்னலால் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கையையும் மூடிருங்க" என்றார்.

மூடினோம். வெட்டியதை விட மூடியது வேகமாக நடந்தது.

அளவு பார்த்தல்

ராத்தா நன்றாகத் தேறி, மணமும் மெல்லத் திரும்பிய பிறகு, குழியை என்ன செய்வது என்று கேட்டேன். மூடிவிடட்டுமா என்றதற்கு, வேண்டாம், கிடக்கட்டும் என்றார். சட்டம் மாறவில்லை, நோயும் போகவில்லை. இன்னொருமுறை வந்தால் இன்னொருமுறை வெட்ட எங்களுக்கு ஏலாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒருநாள் பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு அவரே என் வளவுக்கு வந்தார். குழியைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு அளவு சரியா என்று இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான் ஏறி இறங்க வைத்திருந்த குசினி முக்காலியை உள்ளே இறக்கினேன். ராத்தா கனமான மனுசி. முக்காலியில் கால் வைத்தார், அது முறிந்தது, அவர் நின்றபடியே உள்ளே போய்ச் சேர்ந்தார்.

அடி படவில்லை. அகலத்தைக் கையால் அளந்தார். போதும் என்றார். ஏறத்தான் முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன், திரேசா மற்றக் கையை. மூவருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததில் எங்கள் பிடியும் வழுகியது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. படலையடியில் பி.எச்.ஐ. கூப்பிட்டார்.  அவர் குசினிப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

குழியைப் பார்த்தார். குழிக்குள் நின்ற ராத்தாவைப் பார்த்தார். கையிலிருந்த பதிவுப் புத்தகத்தை உடுப்புத் தோய்க்கும் கல்லில் வைத்துவிட்டு, சப்பாத்தோடு உள்ளே குதித்து, ராத்தாவைக் கீழிருந்து தாங்கி மேலே ஏற்றிவிட்டார். பிறகு தானும் ஏறி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

வாழை நட வெட்டினோம் என்று சொல்ல நான் குரலைத் தயார் செய்தேன். ராத்தா முந்திக்கொண்டார்.

"என்ட கபுறு, தம்பி. இவங்க ரெண்டு பேரும் வெட்டினது. எனக்கு ஏதும் எண்டா எரிக்க விடாம இதுக்க வைக்கிறதெண்டு."

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூவரையும் பொலிஸுக்குக் கொடுப்பார், குழியை மூடுவார், ராத்தாவைப் பரிசோதனைக்கு ஏற்றுவார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. கண்ணைப் பார்த்து ஆளை மதிப்பிட எனக்குத் தெரியாது. எனக்குக் குரல் வேண்டும். அவர் வாய் திறக்கும்வரை நின்றேன்.

அவர் குழியை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தார். விளிம்பில் குந்தி, கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

"இது காணாது அம்மா" என்றார். "இந்த ஆழத்தில நாயள் கிளறிப்போடும். இன்னும் ரெண்டடியாவது வேணும்."

பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். ஸ்கூட்டர் சரிவில் இறங்கும் சத்தம் கேட்டது. ராத்தா அப்போதுதான் அழுதார். காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட அழாத மனுசி, என் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நாங்கள் அவரைத் தடுக்கவில்லை.

திரேசா கதிரையை இழுத்து விளிம்பில் போட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். முக்காலி முறிந்தது இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.